பாரப்பா கேசட்

என் வயதுக்காரர்களே, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிறவர்களே, ஒரு கூட்டம் கத்துவதைக் கேட்டு நான் வாழ்க்கையில் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். இரண்டும் ஒரே வருஷத்தில், ஒரே வீட்டில், ஒரே கேசட்டால். முதல் முறை கூட்டமே இல்லை. இருக்கிறதென்று நினைத்து ஓடினேன். அதில் சம்பந்தமே இல்லாத ஒரு மனிதருக்கு இரண்டு பல் போயிற்று. இரண்டாவது முறையைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால், பிறகு நான் சொல்லும் எதற்கும் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மண்ணூர்பேட்டையில் தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டி ஒரு லைன் வீடு. பத்துக் குடித்தனம், ஒரே அடிபம்பு, அது எங்கள் வீட்டுப் பின்பக்கம். காலையில் ஃபேக்டரியின் முதல் சங்கு ஊதினால் அம்மா இட்லிப் பானையை இறக்குவாள். கடிகாரம் பார்த்து அவள் எதையும் செய்ததில்லை. காற்றில் எந்நேரமும் மூன்று வாசனை: எரிந்த ரப்பர், கட்டிங் ஆயில், யாரோ ஒருவர் வீட்டுக் கருவாடு. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து காக்கிச் சட்டையை உதறினால் இரும்புத்தூள் தரையில் மினுக்கும். நான் காந்தத்தால் அதைப் பொறுக்கி, காலண்டர் சாமிகளுக்கு மீசை வைப்பேன். எங்கள் வம்சத்தில் அப்பாவுக்கு முந்தியவர்கள் எல்லோரும் அடுத்தவர் வயலில் குனிந்தவர்கள். அப்பாதான் முதலில் நிமிர்ந்து ஒரு மெஷின் முன்னால் நின்றார்.

அந்த மெஷின் ஜெர்மனியிலிருந்து வந்தது. இரும்பை மயிரிழையில் பாதி கனத்துக்குச் சுரண்டி எடுக்கும் கிரைண்டிங் மெஷின். அதைப் பொருத்திக் கொடுக்கக் கூடவே ஒரு ஜெர்மன்காரரும் வந்தார். மூன்று மாதம் இருந்தார். முதல் வாரத்திலேயே வெந்த இறால் நிறத்துக்கு மாறினார். அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு ஜெர்மன் தெரியாது, இருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டார்கள் என்று அப்பா சொல்வார். மெஷின் பக்கத்தில் அவர் ஒரு டேப் ரிக்கார்டர் வைத்திருந்தார். செங்கல் போலக் கனமாக, கைப்பிடியோடு, ஒரே ஒரு ஸ்பீக்கரோடு இருக்குமே, அந்த வகை. ஊருக்குப் போகிற அன்று அதையும் மூன்று கேசட்டையும் அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கேசட்டில் இருந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் பரோக் பாணித் தேவாலயக் கூட்டிசை என்று இன்று எனக்குத் தெரியும். அன்று எங்களுக்கு அது 'ஜெர்மன் பாட்டு', அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா குளிக்கப் போகும் முன் ஒரு கேசட்டைப் போட்டுவிட்டுப் போவார். கொடுத்தவருக்கு அது மரியாதை. லைன் முழுக்க அதற்கு மரியாதை இருந்தது என்று சொல்ல முடியாது.

"இன்னா நைனா, ஊட்ல யாராவது பூட்டாங்களா?" என்று எதிர்வீட்டிலிருந்து சங்கத்து மாமா கத்துவார்.

"தோ, உன்னத்தான் கூப்புட்டுகினு கீறாங்கோ, வா அண்ணாத்தே" என்பார் அப்பா.

சங்கத்து மாமா அப்பாவின் ஃபேக்டரியிலேயே லேத் ஓட்டுகிறவர், தொழிற்சங்கத்தின் செயலாளர். மேடைப் பேச்சுக்குப் பெயர் போனவர். எதைச் சொல்லத் தொடங்கினாலும் "இதோ பாரப்பா" என்றுதான் ஆரம்பிப்பார். கூலி உயர்வானாலும் கத்தரிக்காய் விலையானாலும், "இதோ பாரப்பா". அப்பாவும் அவரும் ஒரே பீடியைப் பாதி பாதியாகக் குடித்தவர்கள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு அந்தப் பாட்டு பிடித்திருந்தது. "நம்ம சனம் எழவு ஊட்ல கூட இவ்ளோ ஒழுங்கா அழாதுடி" என்று அக்காவிடம் சொல்வாள். "ஒருத்தி இழுக்கறா, முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தி வாங்கிக்கறா, அதுக்குள்ள ஆம்பளைங்க வந்துட்றாங்கோ. ஒருத்தரும் மூக்கு சிந்த நிக்கல பாரு." பிற்காலத்தில் அந்த இசையைப் பற்றிப் பெரிய படிப்பாளிகள் எழுதியதையெல்லாம் படித்திருக்கிறேன். அம்மா சொன்னதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

எனக்குப் பிடித்தது ஒரே ஒரு இடம். இரண்டாவது கேசட், பின்பக்கம். ஒரு ஆள் தனியாக, சளி பிடித்த குரலில் ஏதோ கேட்பான். சின்ன இடைவெளி. பிறகு மொத்தக் கூட்டமும் ஒரே அறையாக அறையும்: "பாரப்பா...ம்!"

சத்தியமாக அப்படித்தான் கேட்டது. அந்தச் சத்தத்தில் டேப் ரிக்கார்டர் மேல் வைத்த காபி டம்ளர் அதிரும். முதல் தடவை கேட்டபோது நான் அக்கா மடியில் ஏறிவிட்டேன். அப்போது எனக்கு வயது பதினொன்று. ஏறுகிற வயதும் இல்லை, எடையும் இல்லை. ஆனால் பயந்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகிற புத்தி எனக்கு அன்றே இருந்தது. பேட்டரி தீராமலிருக்க கேசட்டில் பென்சிலைச் செருகிச் சுற்றி, அந்த இடத்தை மறுபடி மறுபடி கேட்பேன். தெருப் பையன்கள் அதற்கு 'பாரப்பா கேசட்' என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மனியிலும் சங்கத்து மாமா இருக்கிறார் என்பது எங்கள் முடிவு.

பக்கத்து வீட்டு டீச்சர் சர்ச்சில் பாடுகிறவர். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக் கேட்டு, ஒருநாள் பொறுக்க முடியாமல் வந்துவிட்டார்.

"டேய், அது பாரப்பா இல்லடா, பரபாஸ். ஒரு கொள்ளைக்காரன் பேரு. ரெண்டு கைதி நிக்கறாங்க, இயேசுவும் அவனும். யாரை விடட்டும்னு கவர்னர் கேக்கறான். ஜனங்க அவனை விடுன்னு கத்தறாங்க."

"அப்ப இயேசு சாமிய?"

"சிலுவைல அடிக்கச் சொல்றாங்க."

"அவரு இன்னா டீச்சர் பண்ணாரு?"

"அதான் அந்தக் கவர்னரும் கேக்கறான். பதில் சொல்லாம இன்னும் ஜாஸ்தியா கத்தறாங்க, கேளு."

கேட்டேன். உண்மைதான். அடுத்து வரும் பாட்டில் ஒரு குரல் ஏறும், அதன் தோளில் இன்னொரு குரல் ஏறும், அதன்மேல் இன்னொன்று; ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் காம்பவுண்டு சுவரைத் தாண்டுவது போல இருக்கும். இவ்வளவு நல்ல விஷயத்தைச் சும்மா விடுவோமா? ஒரு விளையாட்டாக்கினோம். இரண்டு பையன்களை நடுவில் நிறுத்துவோம். ஒருவன் மூக்கால் கேட்பான், "யாரை உடட்டும்?" சுற்றி நிற்பவர்கள் "பாரப்பா!" என்று கத்திக்கொண்டே ஒருவனைக் காட்டுவார்கள். அவன் தப்பினான். மற்றவன் முதுகு வீங்கும். ஒருவனுக்குக் காதிலிருந்து ரத்தம் வந்தது, ஒருவனுக்கு முழங்கை பிசகியது. நான் எப்போதும் கேட்கிறவனாகவே இருந்தேன். கேட்கிறவனை யாரும் அடிப்பதில்லை என்பதை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன்.

அந்த வருஷம் கோடையில் ஸ்ட்ரைக் வந்தது. காரணம் அதே ஜெர்மன் மெஷின். ஆறு பேர் செய்த வேலையை அது தனியாகச் செய்தது. ஆறு பேரை நிறுத்திவிட்டார்கள். மெஷினை ஓட்டத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். அவரும் வெளியே வந்து கேட் முன்னால் பந்தலில் உட்கார்ந்தார். ஸ்ட்ரைக் தொடங்கிய அன்று அவர் ஒரு பொருளைக் கொண்டுவந்ததை நான் பார்த்தேன். விரல் நீள எஃகுக் குச்சி, நுனியில் கடுகளவு ஏதோ மின்னியது. மூன்றாவது கேசட்டை எங்கள் டேப் ரிக்கார்டர் முன்பே மென்று தின்றிருந்ததால் அதன் பெட்டி காலியாக இருந்தது. அதற்குள் அந்தக் குச்சியை வைத்தார்.

"இன்னாப்பா அது?"

"தொட்டே, கைய ஒடச்சிடுவேன்" என்றார். அப்பா அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை.

நிர்வாகம் அடியாட்களைக் கொண்டுவரப் போகிறது என்று வதந்தி கிளம்பியது. கரையான்சாவடியில் லாரி நிற்கிறது என்றான் ஒருவன். லாரி நிறைய அரிவாள் என்றான் அடுத்தவன். அரிவாள் எல்லாம் புதுசு, இன்னும் விலைச்சீட்டு பிரிக்கவில்லை என்று நான் என் பங்குக்குச் சேர்த்தேன். சேர்த்ததை இரண்டு நாளில் நானே நம்பியும் விட்டேன்.

முதல் சம்பவம் அதற்கு மறுநாள். நான் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு வருகிறேன். வீட்டை நெருங்கும்போது உள்ளேயிருந்து ஒரு கூட்டம் கர்ஜிக்கிறது. ஏறுகிறது, முட்டுகிறது, மறுபடி கர்ஜிக்கிறது. பென்சிலைப் போட்டுச் சுற்றிச் சுற்றி நான் மனப்பாடம் செய்த அதே சத்தம். ஆனால் பயத்துக்குக் காது கிடையாது. டின்னைப் போட்டுவிட்டு, கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தெரு அதிர ஓடினேன்.

"ஐயோ! எங்கப்பாவ வெட்றாங்கோ! லாரில வந்துகீறாங்கோ! எங்கப்பாவ வெட்றாங்கோ!"

எத்தனை லாரி என்று வழியில் ஒருவர் கேட்டார். மூன்று என்றேன். எப்படி வந்தது அந்த எண் என்று இன்றுவரை தெரியவில்லை.

பந்தலிலிருந்து சங்கத்து மாமா தலைமையில் இருபது பேர் இரும்புக் கம்பியோடு பாய்ந்தார்கள். வீட்டுக்குள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, தெருவில் கம்பியோடு ஓடிவரும் சத்தத்தைக் கேட்டார். அடியாட்கள் வந்துவிட்டார்கள் என்று பின்சுவரில் ஏறிக் குதித்தார். அந்தப் பக்கம் ஃபேக்டரிக் கழிவு ஓடும் கால்வாய். இடுப்புவரை இறங்கிவிட்டார். அதாவது, கேசட்டுக்குப் பயந்து நான் ஓட, எனக்குப் பயந்து தெரு ஓட, தெருவுக்குப் பயந்து அப்பா ஓடியிருக்கிறார். ஓடாதது டேப் ரிக்கார்டர் மட்டும்தான். அது நிதானமாகப் பாடிக்கொண்டிருந்தது.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அந்த நேரம் பார்த்து, நெமிலிச்சேரியிலிருந்து ரயிலேறி வந்து வீடு வீடாகத் துணிச் சோப்பு விற்கிற ஒரு ஆள் எங்கள் சந்தில் இருந்தார். கம்பிகளைப் பார்த்ததும், யாராக இருந்தாலும் ஓடுவோமே, அப்படி ஓடினார். ஓடினால் போதாதா?

"தோ ஓட்றான் பாரு! புடி!"

பம்பு அருகே பிடித்தார்கள். கேள்வி கேட்கவில்லை. முதல் அடி வாயில் விழுந்தது. அவர் "சோப்புங்க, சோப்புங்க" என்று பையைத் தூக்கிக் காட்டினார். பைக்குள் ஆயுதம் என்று நினைத்துக் கையில் அடித்தார்கள். நீலச் சோப்புக் கட்டிகள் ஈரத்தில் சிதறின. மிதித்தவர்கள் வழுக்கி விழுந்தார்கள். விழுந்த கோபத்தில் இன்னும் அடித்தார்கள். ரத்தமும் சோப்பும் கலந்து இளஞ்சிவப்பாக நுரைத்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த நிறத்தில் எனக்குச் சட்டை கிடையாது.

அவர் விலாசம் சொல்லி, அழுது, யாரென்று தெரிந்த பிறகு எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள். சங்கத்து மாமா தன் துண்டை நனைத்து அவர் வாயைத் துடைத்துவிட்டார். "இதோ பாரப்பா, தப்பா நெனைக்காத. பையன் கத்திட்டான்" என்றார். சோப்புக்காரர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. பல்லை எங்கே என்று தரையில் தேடினார். நானும் கூடத் தேடினேன். ஒன்று கிடைத்தது.

கால்வாய் நாற்றத்தோடு வந்த அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். குனிந்து, என் காதருகே, "இனிமே கூட்டம் கத்தற சத்தம் கேட்டா மொதல்ல டேப்பப் பாருடா. அப்பறம் ஓடு" என்றார். தெரு சிரித்தது. ஒரு வாரத்துக்கு என்னைப் பார்த்தாலே பையன்கள், "மாமே, மூணு லாரி!" என்றார்கள். இனிமேல் பயப்படுவதே இல்லை என்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையிலேயே நான் கடைசிவரை காப்பாற்றிய முடிவு அது ஒன்றுதான். கடைசி என்பது பதினெட்டு நாளில் வந்துவிட்டது.

இதற்கிடையில் ஒரு மத்தியானம் மேனேஜரின் ஜீப் எங்கள் வாசலில் நின்றது. அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா காபி கொடுத்தாள். வீடு தேடி வந்தவருக்குக் கொடுக்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது. லைன் முழுக்க அதைப் பார்த்தது. அவர் பேசியதை நான் மட்டும் கேட்டேன், கதவுக்குப் பின்னால் நின்று.

"அந்த டைமண்டை நீதான் எடுத்திருக்கே. எனக்குத் தெரியும்."

"தெரியாது சார்."

"வெளியூர்லேர்ந்து ஆள் கொண்டாந்துட்டேன் மெஷின் ஓட்ட. டைமண்டு இல்லாம சக்கரத்தைச் சீவ முடியலே. புதுசு ஜெர்மனியிலிருந்து வர மூணு மாசம் ஆகும். சத்தமில்லாம கொடுத்துடு, உன் வேலைக்கு நான் பொறுப்பு. இல்லேன்னா திருட்டுக் கேஸ்."

"எனக்குத் தெரியாது சார்."

புரிந்ததா? எஃகுக் குச்சியின் நுனியில் இருந்தது வைரம். மெஷினில் இரும்பைத் தேய்க்கும் சாணைச் சக்கரம் மழுங்கினால் அதை வைத்துத்தான் சீவிச் சரிசெய்ய வேண்டும். அது இல்லையென்றால் அந்தப் பெரிய ஜெர்மன் மெஷின் வெறும் அம்மிக்கல். மெஷினில் ஒரு கீறல்கூடப் போடாமல், அதை நிறுத்தி, ஸ்ட்ரைக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவர் அப்பா. அதை ஒருவரிடமும் சொல்ல முடியாது. இருபது பேர் உள்ள சங்கத்தில் ஒரு ரகசியம் சாயங்காலம்வரை தாங்காது. தாங்காவிட்டால் அவருக்கு ஜெயில், மெஷினுக்கு வைரம்.

மறுநாள் காலை எங்கள் கதவில் தாரால் எழுதியிருந்தது: கருங்காலி. ஸ்ட்ரைக்கை உடைத்து முதலாளிக்கு வேலை செய்கிறவனுக்குச் சங்கத்தில் அந்தப் பெயர். அம்மா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். 'கரு' மட்டும் போயிற்று. மிச்சம் 'ங்காலி' என்று நின்றது. நான் அதைப் படித்துச் சிரித்தேன். அக்கா என் மண்டையில் கொட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை. அப்பா பின்பக்கம் பம்பில், தலை முழுக்க சோப்பு நுரை. அம்மா அடுப்படியில் மீன் செதில் சுரண்டுகிறாள். தெருக்கதவு திறந்து கிடக்கிறது. அக்கா இரண்டாவது கேசட்டின் பின்பக்கத்தைப் போட்டுவிட்டுத் துணி மடிக்கிறாள். நான் டேப் ரிக்கார்டர் முன்னால் குப்புறப் படுத்து, எனக்குப் பிடித்த இடம் வரக் காத்திருக்கிறேன்.

"...பாரப்பா!"

வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. கூடவே பெரும் இரைச்சல். பேட்டரி புதுசு, டேப் வேகமாக ஓடுகிறது என்று நினைத்தேன்.

"யார்டா அது கத்தறது?" என்றாள் அம்மா.

"டேப்பும்மா."

"வாசப்பக்கம் கேக்குதே?"

"டேப்பும்மா! இதுல அப்படித்தான் வரும்!" என்று எரிந்து விழுந்தேன். ஞானி அல்லவா நான்! டேப்பைப் பார்த்தாயிற்று; சக்கரம் சுற்றுகிறது. அப்பா சொன்ன சோதனையில் தேறிவிட்டேன். மேலே கையைத் தூக்கி, பாட்டுக்கு ஏற்ப ஆட்டினேன். அம்மா மறுபடி செதிலைச் சுரண்டத் தொடங்கினாள்.

பின்னால் பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். தெருமுனையிலிருந்து எங்கள் வாசல்வரை இருபது மூச்சு. தாழ்ப்பாள் போட இரண்டு போதும். ஏற்கெனவே சுவர் தாண்டிப் பழகிய அப்பாவுக்கு மிச்சம் பதினெட்டும் தாராளம்.

வந்தவர்கள் அதே இருபது பேர். அதே கம்பிகள். அப்பாவைக் காப்பாற்ற ஓடிவந்த அன்றே வீட்டு வழி அவர்களுக்குப் பழகியிருந்தது, யாரும் தடுமாறவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போனார்கள். நான் எங்கே போனேன் என்று கேட்பீர்கள். அரிசி டிரம்முக்குள். ஸ்ட்ரைக் காலமாதலால் டிரம் காலி; அந்த விஷயத்தில் ஸ்ட்ரைக் எனக்கு உதவியது. மூடியை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். இரண்டு விரல் சந்து இருந்தது. அதன் வழியே பின்கட்டு தெரிந்தது.

அப்பா கண்ணில் சோப்போடு நின்றார். யார் வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. துண்டைத் தேடிக் காற்றில் கை நீட்டினார். யாரோ அந்தக் கையைப் பிடித்து முறுக்கினார்கள்.

"இதோ பாரப்பா" என்றார் சங்கத்து மாமா. "மேனேஜரு இன்னாத்துக்கு வந்தான்? நீ இன்னா ஒத்துகினே? அத்த மட்டும் சொல்லிடு."

"அண்ணாத்தேவா?" என்றார் அப்பா. குரலில் ஒரு நிம்மதி. அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. "ஒண்ணுமில்ல அண்ணாத்தே. நீ போ. அப்பறமா சொல்றேன்."

"இப்ப சொல்றா, கருங்காலி!" என்று பின்னாலிருந்து ஒருவன்.

சங்கத்து மாமா கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"வாயே தொறக்க மாட்றான். இன்னா பண்ணலாம் இவன?"

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை, ஆனால் என்ன கேட்கிறார்கள் என்பது விளங்கியது. கேள்வி கேட்டவர் அடிக்கவில்லை. ஒதுங்கி நின்றார். மற்றவர்கள் அப்பாவின் தலைமுடியைப் பிடித்துக் குப்புறத் தள்ளினார்கள். முதுகில் கம்பி இறங்கியது. எழுந்தவரை மறுபடி தள்ளினார்கள். வலது கையைத் துவைக்கிற கல்லில் விரித்து வைத்து, மணிக்கட்டில் ஒருவன் ஏறி நின்றான்.

"இந்தக் கைதானே மெஷினு ஓட்டப் போவுது?"

சுள்ளி முறிவதுபோலச் சத்தம் கேட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் எனக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. கம்பி இறங்கிய அதே நொடியில் டேப் ரிக்கார்டரில் அந்த இடம் வந்துவிட்டது. சரியான நேரத்துக்கு, ஒரு நொடி முந்தாமல், பிந்தாமல். "பாரப்பா...ம்!"

டிரம்முக்குள் நான் நனைந்திருந்தேன்.

பாட்டு நின்றது. அம்மா அந்தச் செங்கல் டேப் ரிக்கார்டரைக் கைப்பிடியோடு தூக்கிக்கொண்டு பின்கட்டில் இறங்கினாள். மீன் செதில் கையெல்லாம் மின்ன, ஒரு சுழற்று சுழற்றிச் சங்கத்து மாமாவின் நெற்றியில் அறைந்தாள். நெற்றி பிளந்தது. அக்கா மிச்சமிருந்த கேசட்டையும் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கூட்டத்தின்மேல் எறிந்தாள். ஒருவன் கழுத்தில் டேப் சுருள் பழுப்பு மாலையாக விழுந்தது. மூன்றாவது கேசட்டின் பெட்டி கல்லில் பட்டுத் திறந்தது. எஃகுக் குச்சி உருண்டுபோய்ச் சங்கத்து மாமாவின் காலில் முட்டி நின்றது.

முப்பது வருஷம் லேத்தில் நின்றவருக்கு அது என்னவென்று சொல்ல ஆள் வேண்டாம். நெற்றி ரத்தம் கண்ணில் வழிய, குனிந்து எடுத்தார். நுனியைப் பார்த்தார். கல்லின்மேல் கிடந்த கையைப் பார்த்தார். குச்சியை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"போதும். போங்கப்பா" என்றார்.

"இன்னா அண்ணாத்தே, இன்னும்..."

"போங்கடா!" அது மேடைக் குரல் இல்லை. அதற்கு முன் அவரிடம் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

ஸ்ட்ரைக் அடுத்த மாதம் ஜெயித்தது. ஆறு பேரையும் திரும்ப எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஸ்டோர் ரூமில் ஏதோ பெட்டிக்கு அடியில் அந்த வைரம் 'கிடைத்ததாக'ச் சொன்னார்கள். சங்கத்து மாமா யாரிடமும் வாய் திறக்கவில்லை. அப்பாவைத் திருட்டுக் கேஸிலிருந்து காப்பாற்றவா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவா? நானும் பல வருஷம் ஏதாவது ஒன்றை முடிவு செய்யப் பார்த்தேன். இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. அப்பாவுக்கு மூன்று விரல் மடங்கவில்லை. மெஷினிலிருந்து எடுத்து, கேட்டில் வாட்ச்மேனாக உட்காரவைத்தார்கள். உள்ளே போகிறவர்களில் பாதிப் பேர் கடைசிவரை அவரைக் கருங்காலி என்றுதான் நினைத்துக்கொண்டு போனார்கள். அவரும் அவர்களுக்கு இடது கையால் சலாம் வைத்தார்.

மீசை முளைத்த பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டேன். "அன்னிக்கி உண்மைய சொல்லியிருந்தா உட்ருப்பாங்கள்லப்பா?"

"உட்ருப்பாங்கோ. ஸ்ட்ரைக்கு பூட்ருக்கும்."

"கை பூடுச்சே?"

"கை என்னுதுதானேடா" என்றார். பிறகு, "அன்னிக்கி பாட்டு சத்தத்துல நீங்க வந்தது எனக்குக் கேக்கலன்னு அண்ணாத்தே கிட்ட சொன்னேன். அவரு அழுதுட்டாரு" என்றார்.

பாட்டுச் சத்தம் என்றே அவர் கடைசிவரை நம்பியிருந்தார். "டேப்பும்மா" என்று நான் சொன்னது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொன்னதில்லை. இருவரும் இன்று இல்லை. ஆகவே இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் வேலைக்குப் போனதும் நான் வாங்கிய முதல் சிடி அந்த இசைதான். இன்றுவரை அதே இசையின் பதினொரு பதிவுகள் சேர்த்திருக்கிறேன். ஹெட்போனில் கேட்டபோதுதான் தெரிந்தது, அந்தக் கூட்டம் உண்மையில் இரண்டு கூட்டம். ஒன்று இடது காதில் நிற்கிறது, ஒன்று வலது காதில். நடுவில் மாட்டிக்கொண்டவனுக்குத்தான் ஒரே கூட்டமாகக் கேட்கிறது. பதினொன்றையும் ஒப்பிட்டு என்னால் ஒரு மணி நேரம் அறுக்க முடியும். ஒன்றில் பெரிய தேவாலயம், எதிரொலி அதிகம். அடி தலையணையில் விழுகிறது. ஒன்றில் எல்லோரும் மாதச் சம்பளத்துக்குக் கத்துகிறார்கள். ஒன்றில் சிறுவர்கள் பாடுகிறார்கள். அது எங்கள் தெரு விளையாட்டு. பழங்கால வாத்தியங்களோடு பத்திருபது பேர் மட்டும் பாடும் ஒரு பதிவு இருக்கிறது. அதைத்தான் என்னால் முழுசாகக் கேட்க முடியாது. இருபது பேர் என்பது சரியான எண்ணிக்கை.

நான் இப்போது குடியிருப்பது ஆறாவது மாடி. கீழே இரண்டு காவலாளிகள், லிப்டுக்கு ஒரு அட்டை. எந்தக் கூட்டமும் கையெழுத்துப் போடாமல் மேலே வர முடியாது. ஆனாலும் அந்தச் சளிக் குரல்காரன் கேள்வியைத் தொடங்கியதும் நான் எழுந்துவிடுகிறேன்.

"மறுபடியுமா?" என்பாள் மனைவி. "பூட்டித்தாங்க இருக்கு."

தெரியும். போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். நான் திரும்பி வருவதற்குள் அவர்கள் கத்தி முடித்திருப்பார்கள்.